மொய் எழுதும் கை கைமாற்றை ஏன் எழுதுவதில்லை?

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் இருக்கிறது ஆலத்தியூர். 1997-ல் ராம்கோ குழுமத்தின் சிமெண்ட் ஆலை இங்கே ஓடத் தொடங்கியது. அதிலிருந்து இந்த வட்டாரத்தில் பணம் இரண்டு விதமான கணக்கில் வருகிறது. ஆலைச் சம்பளம், லாரி வாடகை, ஒப்பந்தக் கூலி எல்லாம் மாதக் கணக்கு, வாரக் கணக்கு. முந்திரியும் மக்காச்சோளமும் பருத்தியும் வருடக் கணக்கு. அதுவும் மழை கண் திறந்தால்தான். ஒரே குடும்பத்தில் அண்ணன் காட்டை நம்பியிருப்பார், தம்பி ஆலைக்குள் ஷிப்டுக்குப் போய் வருவார். ஜூன் மாதம் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், புரட்டாசியில் விதையும் உரமும் வாங்க வேண்டும். மக்காச்சோளம் காசாவது தை, மாசியில். முந்திரி காசாவது பங்குனி, சித்திரையில். இந்த இடைவெளியைக் கடக்க உதவுவதுதான் கைமாற்று.

“மாமா, ஒரு அம்பதாயிரம் பொரட்டித் தர முடியுமா? முந்திரி எடுத்ததும் குடுத்துர்றேன்.”

“அதுக்கென்ன மாப்ள, வாங்கிக்க.”

ஒப்பந்தம் இவ்வளவுதான். முந்திரி எடுப்பது என்றால் முதல் பறிப்பா, கடைசிப் பறிப்பா? பூவில் பூச்சி விழுந்து விளைச்சல் பாதியானால் என்ன செய்வது? மொத்தமாகத் தருவதா, பாதி பாதியாகவா? வீட்டில் அத்தைக்கு இது தெரியுமா? இவற்றில் ஒன்றைக்கூட இருவரும் பேசியிருக்க மாட்டார்கள். மாமா கேட்டால் மாப்பிள்ளையை நம்பவில்லை என்று ஆகும். மாப்பிள்ளை பேச்செடுத்தால் ஏதோ இழுக்கப் பார்க்கிறான் என்று தோன்றும். இருவரும் மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

அடுத்த வாரம் இதே இருவரும் ஒரு கல்யாண மண்டபத்தில் சந்திக்கிறார்கள். வாசலில் மேசை போட்டு ஒருவர் நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறார். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை என வரிசையாக எழுதிக்கொள்கிறார். 501 ரூபாய் என்று மாமா சத்தமாகவே சொல்கிறார். யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த நோட்டு பெட்டியில் இருபது முப்பது வருடம் பத்திரமாக இருக்கும். எதிர்மொய் செய்ய வேண்டிய நாளில் வெளியே எடுக்கப்படும். 501 ரூபாய்க்கு எழுத்தும் சாட்சியும் இருக்கின்றன. ஐம்பதாயிரத்துக்கு ஒன்றுமே இல்லை. கைமாற்றால் முறிந்த உறவுகளில் பெரும்பாலானவை இந்த எழுதாமையால்தான் முறிகின்றன என்பது இந்தக் கட்டுரையின் வாதம். ஏமாற்றும் புத்தி உள்ளவர்கள் எங்கும் உண்டு. ஆனால், ஊரில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகளையும் மாமன் மச்சான்களையும் கணக்கெடுத்தால், ஏமாற்ற நினைத்து வாங்கியவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள்.

இது சின்னச் சில்லறை விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-ல் மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமக் குடும்பங்களில் 35 விழுக்காடு கடனில் இருந்தன. கிராமத்து மொத்தக் கடன் தொகையில் 34 விழுக்காடு வங்கி, கூட்டுறவுச் சங்கம் போன்ற நிறுவனங்களுக்கு வெளியிலிருந்து வந்தது. நகரத்தில் இந்தப் பங்கு 13 விழுக்காடுதான். வங்கிகள் தேசியமயமாகி ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகும் கிராமத்தில் மூன்றில் ஒரு பங்குக் கடன், மனிதரை மனிதர் முகம் பார்த்துக் கொடுத்ததாகவே இருந்தது. இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை ஆண்டு முழுவதும் கூடவே இருந்து குறித்து, 2009-ல் நூலாக வெளியிட்ட ஆய்வாளர்களும் இதையேதான் கண்டார்கள். சொந்தக்காரரிடமும் அக்கம்பக்கத்திலும் வட்டியில்லாமல் வாங்கித் திருப்புவது ஏழை வீடுகள் மிகச் சாதாரணமாகக் கையாளும் வழியாக இருந்தது.

கேட்பதிலேயே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது. வள்ளுவர் 106-ஆம் அதிகாரத்துக்கு ‘இரவு’ என்றும் அதை அடுத்த 107-ஆம் அதிகாரத்துக்கு ‘இரவச்சம்’ என்றும் பெயரிட்டு, கேட்பதையும் கேட்கப் பயப்படுவதையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். கேட்கப் போகிறவர் மூன்று நாள் ஒத்திகை பார்க்கிறார். கடைத்தெரு வரை போய்விட்டு வேறு பேச்சுப் பேசித் திரும்புகிறார். அமெரிக்க உளவியலாளர்கள் பிளின், லேக் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் காட்டினார்கள். அறிமுகமில்லாதவர்களிடம் உதவி கேட்கப் போகிறவர்கள், எத்தனை பேரைக் கேட்டால் தேவையான அளவு ஆட்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று கணித்தார்களோ, அதில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கேட்டபோதே காரியம் முடிந்துவிட்டது. கேட்பவர் தன் கூச்சத்தை மட்டும் பார்க்கிறார். எதிரே இருப்பவருக்கு ‘இல்லை’ என்று சொல்வது எவ்வளவு கூச்சம் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

அந்தக் கூச்சத்தை நம் ஊர்க்காரர்கள் நன்றாகவே அறிவார்கள். “பாக்கலாம்” என்ற சொல் அதற்காகவே இருக்கிறது. அது ‘தருகிறேன்’ என்றும் ஆகலாம், ‘தர மாட்டேன்’ என்றும் ஆகலாம். இப்படி மறுக்கவும் தெரியாமல் மாட்டிக்கொண்டு கொடுப்பவர்கள்தான் பிறகு மனம் கசந்துபோகிறார்கள். மனமுவந்து கொடுத்தவருக்குத் தாமதம் பெரிதாகத் தெரியாது. வாய் திறந்து மறுக்க முடியாமல் கொடுத்தவருக்கு முதல் நாளிலிருந்தே அந்தப் பணம் உறுத்துகிறது.

கொடுத்த பிறகு இருவர் மனத்திலும் இரண்டு கதைகள் வளரத் தொடங்குகின்றன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் லிண்டா டெசோவும் தனிமனிதர்களுக்கு இடையிலான கடன்களைப் பற்றிக் கொடுத்தவர்களிடமும் வாங்கியவர்களிடமும் விசாரித்து 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். யார் முதலில் பேச்செடுத்தது என்பதிலேயே இரு தரப்பு நினைவும் ஒத்துப்போகவில்லை. வாங்கியவர்களுக்கு அது பாதி அன்பளிப்பு போல நினைவில் இருக்கிறது. கொடுத்தவர்களுக்குச் சுத்தமான கடனாக இருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது, கொடுத்தவர் மனத்தில் எவ்வளவு கோபம் கிடக்கிறது என்பதை வாங்கியவர்கள் மிகவும் குறைத்தே எடைபோட்டார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. நினைவு தனக்கு வசதியான பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். எழுத்து இல்லாத இடத்தில் அந்தச் சாய்வைத் தடுக்க எதுவும் கிடையாது.

திருப்பிக் கேட்கும் கட்டம் வரும்போது கொடுத்தவர் படும் பாட்டைப் பற்றி அதிகம் யாரும் எழுதுவதில்லை. தன்னுடைய பணத்தைக் கேட்க அவருக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. “வீட்ல ஒரு சீர் செலவு வந்துருச்சு மாப்ள”, “பேங்க்ல நகை ஏலத்துக்குப் போவுது” என்று இல்லாத அவசரத்தை உண்டாக்கிச் சொல்கிறார். பணம் என்னுடையது, சொன்ன நாள் வந்துவிட்டது, கொடு என்று நேராகக் கேட்க நம் நாகரிகம் இடம் தருவதில்லை. அவர் சொல்லும் அவசரம் பொய் என்று வாங்கியவருக்குத் தெரியும். தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும். கடன் வாங்கியவர் பொய் சொல்கிறார் என்று ஊர் பேசுகிறது. கொடுத்தவரும் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே உண்மை நிலவரம்.

அப்புறம் கண்கள் வேலை செய்ய ஆரம்பிக்கின்றன. மாப்பிள்ளை வீட்டில் புதுச் சேலை, கோயில் கிடா வெட்டு, பையனுக்குப் புது செல்போன் எல்லாமே மாமாவின் பார்வைக்கு வருகின்றன. என் பணத்தில் திருவிழா கொண்டாடுகிறான் என்று அவர் நினைக்கிறார். அந்தச் சேலை மனைவியின் நூறுநாள் வேலைக் கூலியில் வாங்கியதாக இருக்கலாம். மாப்பிள்ளைக்கோ, தன் வீட்டுக்குள் யாரோ எட்டிப் பார்ப்பது போன்ற உறுத்தல். பால் ஊற்றப் போகும் வழியை மாற்றுகிறார், டீக்கடையை மாற்றுகிறார். மாமாவின் போனை எடுக்காமல் விடுகிறார். போனை எடுக்காததே அவர் ஏமாற்றுக்காரர் என்பதற்கு ஆதாரமாகிறது. ஐம்பதாயிரத்துக்கு வருடம் முழுவதும் செலவான மன உளைச்சலைக் காசாக்கிப் பார்த்தால் எந்த வட்டியும் அதற்கு ஈடாகாது.

இதனால்தான் பலர் வட்டிக்கே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அறியாமையாகத் தெரியும். சும்மா தர மாமன் இருக்கும்போது ‘நூத்துக்கு ரெண்டு’, ‘நூத்துக்கு மூணு’ என்று மாத வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 24, 36 விழுக்காட்டுக்கு ஏன் போக வேண்டும்? பொருளாதார அறிஞர் இசபெல் கெரனும், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றிய வெங்கடசுப்ரமணியன், சந்தோஷ்குமார் முதலானோரும் அரியலூருக்கு அண்டையில் இருக்கும் கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் நீண்ட காலமாக இந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்டது இது: கிராமத்துக் குடும்பங்கள் ஒரு கடனை எடைபோடும்போது வட்டி விகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை. யாரிடம் வாங்கினால் தலைகுனிவு, யாரிடம் வாங்கினால் பரவாயில்லை என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சில சமயம் விலை குறைந்த கடன்தான் அவமானத்தில் கூடியது. அந்தஸ்து, சாதி, உறவுமுறை மூன்றும் அந்தக் கணக்கில் சேருகின்றன. பெண் கொடுத்த வீட்டில் கைநீட்டுவதைவிட அடகுக் கடை எவ்வளவோ மேல் என்று நினைக்கும் தகப்பன்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அடகுக் கடைக்காரர் சேலையின் விலையைக் கேட்க மாட்டார். நகை அவரிடம் இருக்கிறது, வட்டி ஓடுகிறது, ரசீது கையில் இருக்கிறது. வாங்கியவர் அவர் கடை முன்னால் நிமிர்ந்து நடக்கலாம். வட்டி என்ற பெயரில் அவர் உண்மையில் கொடுப்பது, யாருக்கும் கடமைப்படாமல் இருப்பதற்கான கட்டணம். இதைப் புரிந்துகொள்ளாமல் ‘அதிக வட்டிக்கு வாங்காதீர்கள்’ என்று கூட்டம் போட்டு அறிவுரை சொல்வதில் பயனில்லை.

பணத்தை உறவுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடந்த ஒரு சோதனை பெயர் பெற்றது. நீசி, ரஸ்டிசினி ஆகிய இருவர் 2000-ல் இதை வெளியிட்டார்கள். குழந்தைகள் காப்பகங்களில் பெற்றோர் தாமதமாக வந்தால் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. காசு கட்டிவிட்டோம் என்ற எண்ணம் வந்ததும், ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற குற்ற உணர்வு போய்விட்டது. கைமாற்றிலும் இதே கத்தி இரு பக்கமும் வெட்டுகிறது. வட்டி வைத்தால் மாப்பிள்ளையின் மனச்சுமை குறையும். கூடவே, ‘மாமா கஷ்டப்படுவாரே’ என்ற எண்ணமும் குறையும். உறவுக்குள் வட்டி புகுவதை இந்தக் கட்டுரை பரிந்துரைக்கவில்லை. வட்டிக் கடனில் இருக்கும் தெளிவை மட்டும் கைமாற்றுக்குக் கொண்டுவர முடியும்.

பணத்தையும் நாளையும் துல்லியமாக எழுதி வைப்பது நமக்குப் புதியதும் அல்ல. கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் காலத்தில், தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த பணம் ஊர்ச் சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது பன்னிரண்டரை விழுக்காடு. எந்த ஊர்ச் சபை எவ்வளவு பெற்றது, ஆண்டுக்கு என்ன செலுத்த வேண்டும், அது எந்தச் செலவுக்குப் போகும் என்பதெல்லாம் கோயில் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. கடன் பெற்றதைக் கல்லில் பொறித்ததால் எந்தச் சபைக்கும் கௌரவம் குறைந்துவிடவில்லை. தெரிய வேண்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி இருந்ததாலேயே அது ஒழுங்காக நடந்தது.

சொன்ன தேதியில் தராதவரை நாணயமற்றவர் என்று முத்திரை குத்துமுன் இன்னொரு ஆய்வையும் பார்க்க வேண்டும். அது தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடமே நடத்தப்பட்டது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்தார்கள். முடிவு 2013-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்தது. அறுவடைக்கு முன் அவர்களில் 78 விழுக்காட்டினர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் அது 4 விழுக்காடு. அதே மனிதருக்கு, அதே வகைச் சிந்தனைத் தேர்வை இரு காலத்திலும் வைத்தபோது, கையில் பணம் இல்லாத காலத்தில் அவர் செய்த தவறுகள் கூடுதலாக இருந்தன. பணத் தட்டுப்பாடு மனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மற்ற விஷயங்களை யோசிக்க மிச்சம் இருப்பது குறைவு என்பது அவர்களின் விளக்கம்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் கரும்பு உண்டு. அதைவிட அதிகமாக மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும், செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயமும் உண்டு. வெங்காயத்தின் விலை ஒரு மாதத்துக்குள் தலைகீழாகப் புரளும். ஐப்பசியில் ‘தையில் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுக்கும் மனிதர், மிகுந்த நெருக்கடியில் மிகக் குறைந்த தெளிவோடு இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வரும் தேதி நம்பிக்கையில் சொல்வது. கணக்குப் போட்டுச் சொல்வது அல்ல. கொடுப்பவருக்குத்தான் அப்போது தலை தெளிவாக இருக்கிறது. ‘தைக்கு முடியாது மாப்ள, பங்குனின்னு வச்சுக்க, அதுலயும் பாதி போதும்’ என்று அவர் சொன்னால் ஒரு உறவு பிழைக்கிறது.

உறவின் கதவுகள் மூடிக்கொண்டால் மக்கள் எங்கே போகிறார்கள் என்பதைத் தமிழ்நாடு மறக்கக் கூடாத விதத்தில் பார்த்திருக்கிறது. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடுக்க 2003-லேயே தனிச் சட்டம் வந்தது. 2017 அக்டோபர் 23 அன்று, குறைதீர்க்கும் நாளில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு சிறு பெண் குழந்தைகளோடும் தீக்கு இரையானார். நால்வரும் பிழைக்கவில்லை. வாங்கியதைவிடக் கூடுதலாகக் கட்டிய பிறகும் மிரட்டல் நிற்கவில்லை என்பதும், முன்பு கொடுத்த மனுக்கள் பலன் தரவில்லை என்பதும் அந்தக் குடும்பத்தின் புகாராக இருந்தது. 2025-ல், கடன் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. சட்டங்கள் வேண்டும், காவல் நிலையங்கள் அவற்றை மதிக்கவும் வேண்டும். ஆனால், அந்தக் கடைசி வாசலுக்கு ஒருவர் வந்து சேருமுன் எத்தனை வாசல்களில் கேட்கத் தயங்கியிருப்பார், எத்தனை வாசல்கள் முந்தைய ஒரு கைமாற்றால் அடைபட்டிருக்கும் என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

பெண்களின் பங்கு இதில் தனி. இசபெல் கெரனும் சகாக்களும் தமிழகக் கிராமத்துப் பெண்களின் கடனைப் பற்றி 2023-ல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார்கள். குடும்பத்துக்காகக் கடன் புரட்டுவதும், தவணையைச் சேர்ப்பதும், வாசலில் வந்து நிற்பவரைச் சமாளிப்பதும் பெரும்பாலும் பெண்கள். குழுக் கடன் அவர்கள் பெயரில், அவமானமும் அவர்கள் பெயரில். ஆனால், கணவர் தன் சிநேகிதருக்குக் கொடுத்த கைமாற்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அதே சமயம், எழுதிக் கடன் கொடுக்கும் பழக்கத்தை ஊருக்குள் வேரூன்றச் செய்தவர்களும் பெண்களே. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களில் கடன் கேட்பவர் பத்து இருபது பேர் நடுவே எதற்கு என்று சொல்லிக் கேட்கிறார், தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது, கையெழுத்து விழுகிறது. பக்கத்து வீட்டுக்காரி முன்னால் கையெழுத்துப் போட்டதால் யாரும் சிறுத்துப் போகவில்லை. ஊர் ஆண்களுக்கு இப்படி ஓர் இடம் பெரும்பாலும் கிடையாது.

மொய் விருந்து இதன் இன்னொரு முகம். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் வந்தால் விருந்துக் காலம். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை. பணம் தேவைப்படுகிறவர் விருந்து வைக்கிறார். செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. கறிச் சோறு சாப்பிட்டவர்கள் மேசைக்குப் போய் மொய் எழுதுகிறார்கள். பழைய மொய் எவ்வளவு, புதிதாகச் சேர்த்தது எவ்வளவு என்று நோட்டில் தனித்தனியாக ஏறுகிறது. வாங்கியவர் சில ஆண்டுகளுக்குள், மற்றவர் விருந்து வைக்கும் முறை வரும்போது கூடுதலாகச் சேர்த்துத் திருப்புகிறார். கேரளத்தில் வடகரை, நாதாபுரம் பகுதிகளில் நடக்கும் பணப்பயற்று கிட்டத்தட்ட இதே ஏற்பாடு. அந்தப் பணத்தில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள், ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டிருக்கின்றன. கேட்பவர் தனியாக யார் வாசலிலும் நிற்பதில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். ஒரே நாளில் ஊரையே கேட்கிறார், ஊரும் சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கிறது, இரு தரப்புக்கும் தலைநிமிர்வு.

மொய் விருந்திலும் குறை உண்டு. கஜா புயல் 2018 நவம்பரில் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யைப் புரட்ட முடியாமல் அந்தப் பகுதியில் பல வீடுகள் தவித்தன. எதிர்மொய் செய்வதற்காகவே வட்டிக்கு வாங்குகிறவர்களும் உண்டு. ஊரறிந்த கணக்கு ஊரறிந்த நெருக்குதலாகவும் மாறும். அதனால் ஆலத்தியூர்க்காரர்கள் கிடா வெட்டி விருந்து வைக்கத் தொடங்க வேண்டும் என்று சொல்வது பேதைமை. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நோட்டு ஒன்றைத்தான்.

எழுதுவது என்றதும் பலருக்குப் புரோநோட்டு ஞாபகம் வந்து நடுக்கம் வருகிறது. அதில் நியாயம் இருக்கிறது. தொகை நிரப்பாத புரோநோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு குடும்பங்களை ஆட்டிவைத்த கதைகள் ஏராளம். எழுத்து இருவருக்கும் சமமாக இருந்தால்தான் அது எழுத்து; ஒருவர் பெட்டியில் மட்டும் பூட்டப்பட்டது ஆயுதம். வாங்கிய தொகை, நாள், திருப்புவதாக நினைக்கும் மாதம், விளைச்சல் தவறினால் என்ன செய்வது என்ற நான்கு வரிகள், இரண்டு பிரதிகள் போதும். குர்ஆனின் மிக நீளமான வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடனை எழுதிவைப்பது, சாட்சி வைப்பது பற்றியதாகவே இருக்கிறது. தொகை சிறியதானாலும் எழுதச் சலிப்படையக் கூடாது என்பதும் அதன் கருத்து. எழுதுவது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணும் மனத்துக்கு, உலகின் பெரிய சமயங்களுள் ஒன்று அதை வழிபாட்டு ஒழுக்கத்தோடு சேர்த்து வைத்திருப்பது யோசிக்கத் தக்கது.

முஸ்லிம்களிடையே இன்னொரு வழக்கமும் உண்டு. ஜனாஸா தொழுகைக்கு நிற்கும்போது, இறந்தவருக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்தால் தங்களிடம் சொல்லுமாறு வாரிசுகள் கூடியிருப்பவர்களிடம் அறிவிப்பார்கள். மற்ற வீடுகளில் பெரும்பாலும் கருமாதி முடிந்த பிறகுதான் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒருவர் அறுபதாயிரம் என்கிறார், இன்னொருவர் வட்டியோடு ஒன்றரை லட்சம் என்கிறார். இறந்தவர் பிறருக்குக் கொடுத்திருந்த பணத்தைப் பற்றிச் சொல்ல எவரும் வருவதில்லை. தாலி இறக்கிய பெண், கணவர் உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை அறியாத கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறும் லாரித் தொழிலும் வெளிநாட்டு வேலையும் கைமாற்றில் ஓடும் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இது பெரிய அநீதி. கைமாற்று வாங்கும் நாளிலும் கொடுக்கும் நாளிலும் வீட்டுப் பெண்ணுக்குத் தெரிவிப்பது, உறவுக்குச் செய்யும் மரியாதையைவிட முந்திய கடமை.

முதலில் யார் எழுதுவது என்பதில்தான் இந்த வழக்கம் தொடங்குவதும் தொடங்காமல் போவதும் இருக்கிறது. கொடுப்பவர் எழுதித் தரச் சொன்னால் சந்தேகமாகப் படும். வாங்குபவர் தானாக எழுதி நீட்டினால் அது மரியாதையாகப் படும். ஆகவே, பேனா வாங்குபவர் கையில் இருக்க வேண்டும். இப்போது பணம் பெரும்பாலும் செல்போனில்தான் போகிறது. நாளும் தொகையும் தாமாகவே பதிவாகின்றன. வந்த பணத்துக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி பதில் அனுப்ப வாங்குபவருக்கு ஒரு நிமிடம் போதும். விளைச்சல் பொய்த்த வருடத்திலும் இரண்டாயிரமோ மூவாயிரமோ கொண்டுபோய்க் கொடுத்து, கைமாற்று எழுதிய தாளிலேயே வரவு எழுதிக் கையெழுத்துப் போடலாம். அந்தச் சிறு தொகை கொடுத்தவர் வீட்டுக்குப் போவதற்கு ஒரு காரணத்தைத் தருகிறது, வழி மாற்றி நடக்கும் தேவையை நீக்குகிறது. சட்டமும் அதை மதிக்கிறது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய கடனுக்கு வழக்குத் தொடுக்கும் காலம் மூன்றாண்டு. அது முடிவதற்குள் ஒரு பகுதியைச் செலுத்தி, செலுத்தியவரே எழுத்தில் ஒப்புக்கொண்டால், மூன்றாண்டுக் கணக்கு அந்த நாளிலிருந்து புதிதாக ஆரம்பமாகிறது.